நெடில் மாத்திரை

பெரியம்மா வீட்டுச் சமையலறை மேடையில் ஓர் எவர்சில்வர் டம்ளர். அடியில் விரற்கடை அளவு தண்ணீர், அதில் பாதி மாத்திரை. காலையில் நறுக்கியபோது சுண்ணாம்புக் கட்டி போல இருந்ததாம். மதியம் நான் போனபோது அதைச் சுற்றிக் கண்ணாடி மாதிரி கூழ் படிந்திருந்தது. தொட்டால் விரலிலிருந்து வழுக்கி ஓடியது. “இதென்ன தம்பி, சப்ஜா விதை மாதிரி ஊதிக் கிடக்கு?” என்றார்.

பலதுறை மருந்தகத்தில் கொடுத்த இனிப்புநீர் மாத்திரை அது. மெட்ஃபார்மின் என்று பெயர். பெயருக்குப் பின்னால் எக்ஸ்ஆர் என்று ஒரு வால். பெரிய மாத்திரை, தொண்டையில் இறங்கவில்லை என்று காய் நறுக்கும் கத்தியால் இரண்டாக்கியிருக்கிறார். ஒரு பாதி வாய்க்குப் போயிற்று, மற்றது ஈர டம்ளரில் விழுந்துவிட்டது. “பாதி காலையில, பாதி ராத்திரி. ரெண்டும் சேந்தா ஒண்ணுதானே?”

மில்லிகிராம் கணக்கு சரி. தப்பு மணிக் கணக்கில் இருக்கிறது.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. இலக்கணத்தில் மாத்திரை என்பது காலத்தின் அளவு. இயல்பாகக் கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. அதே சொல்தான் மருந்துக்கும் பெயராயிற்று. மருந்துக் கடையிலும் குறில் மாத்திரை உண்டு, நெடில் மாத்திரை உண்டு. விழுங்கிய சில நிமிடங்களில் உதிர்ந்து மருந்தை மொத்தமாகக் கொட்டுவது குறில். அதே மருந்தைப் பல மணி நேரம் இழுத்து இழுத்து விடுவது நெடில். எக்ஸ்ஆர், எஸ்ஆர், சிஆர், எல்ஏ என்று பெட்டியில் அச்சாகும் எழுத்துகளெல்லாம் நெடிலுக்கான குறிகள்.

அந்த இழுவையைச் செய்வது மருந்து இல்லை. அட்டைப்பெட்டிக்குள் மடித்து வைத்த தாளில் ‘செயலற்ற பொருள்கள்’ என்ற தலைப்பின் கீழ் கடைசி வரியில் ஒதுங்கிக் கிடக்கும் பாலிமர்தான் செய்கிறது.

ஒரே மருந்து, 46 தயாரிப்பு

சிங்கப்பூரில் மெட்ஃபார்மினுக்கு அறிமுகம் தேவையில்லை. 2010-ம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 11.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே மட்டும் பார்த்தால் அது 17.2 விழுக்காடு. 2016-ல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் போர் என்றே அறிவித்தது. அந்தப் போரில் பெரும்பாலோர் கையில் முதலில் கொடுக்கப்படும் ஆயுதம், 1957 முதல் மனிதருக்குப் பயன்பட்டு வரும் இந்தப் பழைய மருந்துதான்.

2019 டிசம்பர் 4 அன்று சுகாதார அறிவியல் ஆணையம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. உள்ளூரில் விற்பனையில் இருந்த 46 மெட்ஃபார்மின் தயாரிப்புகளில் மூன்றில் என்டிஎம்ஏ என்ற மாசு ஏற்கத்தக்க அளவைத் தாண்டியிருந்ததால் அவை திரும்பப் பெறப்பட்டன. மற்ற தயாரிப்புகளைப் பயன்படுத்துவோர் தாமாக மருந்தை நிறுத்திவிட வேண்டாம் என்றும் ஆணையம் கேட்டுக்கொண்டது. அந்த மூன்றும் நெடில் வகை. மாசு எப்படி வந்தது என்பது இந்தக் கட்டுரைக்கு வெளியே உள்ள விஷயம். எனக்கு அந்த அறிவிப்பில் உறைத்தது 46 என்ற எண். சின்னஞ்சிறு நகரத்தில் ஒரே மருந்துக்கு 46 தயாரிப்பு. மூலக்கூறு எல்லாவற்றிலும் ஒன்றுதான். அளவும் நேரமும் கூட வரும் பொருள்களும் செய்முறையும்தான் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிக்கின்றன.

மெட்ஃபார்மினுக்கு நெடில் ஏன் தேவைப்பட்டது? அது உப்பைப் போல நீரில் சட்டென்று கரையும். குறில் மாத்திரையை விழுங்கினால் ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் ரத்தத்தில் உச்சம் தொடும். பிறகு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதி பாதியாகக் குறையும். ஆகவே நாளுக்கு இரண்டு, மூன்று வேளை விழுங்க வேண்டும். மொத்தமாகக் குடலில் இறங்கும்போது பலருக்குக் குமட்டல், வயிற்றோட்டம். நெடில் வடிவில் உச்சம் ஏழு மணி நேரம் வரை தள்ளிப் போகிறது. வயிற்றுத் தொல்லையும் பலருக்குக் குறைகிறது. இரவுச் சாப்பாட்டோடு ஒரே வேளை போதும். நோன்பு மாதத்தில் அங்குலியா பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் நீரிழிவுக்காரர் ஒருவருக்கு, நோன்பு திறக்கும் வேளையோடு அன்றைய மருந்து முடிந்தது என்பது சின்ன வசதி இல்லை.

சாப்பாட்டோடு விழுங்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. மெட்ஃபார்மினைப் பெரும்பாலும் உறிஞ்சுவது சிறுகுடலின் மேல்பகுதி. மாத்திரை அந்த இடத்தைத் தாண்டி ஓடிவிட்டால், பிறகு வெளிவரும் மருந்தில் பெரும்பகுதி வீண். வயிற்றில் சோறு இருந்தால் மாத்திரையும் அங்கேயே தங்கி, கீழே கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பிக்கொண்டிருக்கும்.

சர்க்கரைக்குச் சர்க்கரையே காவல்

பாலிமர் என்றவுடன் பிளாஸ்டிக் பை நினைவுக்கு வருகிறது. கேம்பல் லேன் பூக்கடையை நினைத்துக்கொள்வது நல்லது. உதிரி மல்லிகையைத் தண்ணீரில் போட்டால் ஆளுக்கொரு பக்கம் மிதக்கும். அதையே நெருக்கமாகக் கட்டி நூறு முழச் சரமாகப் போட்டால், ஒன்றோடொன்று சிக்கி, தண்ணீரையும் உள்ளே பிடித்துவைத்துக்கொண்டு நகராது. ஒரே மாதிரியான சிறு மூலக்கூறுகளை ஆயிரக்கணக்கில் கோத்த சரம்தான் பாலிமர். பூ எது, சரம் எவ்வளவு நீளம் என்பதைப் பொறுத்து அதன் குணம்.

பெரியம்மாவின் டம்ளரில் கூழ் கட்டியது ஹைப்ரோமெல்லோஸ் என்ற பாலிமர். பிறந்த இடம் மரக்கூழும் பருத்தியும். அதாவது செல்லுலோஸ். செல்லுலோஸ் என்ற சரத்தில் பூவாக இருப்பது எது தெரியுமா? குளுக்கோஸ். நீரிழிவுக்காரர் அஞ்சி ஒதுங்கும் அதே சர்க்கரை, அவருடைய மருந்துக்குக் காவல் நிற்கிறது. பயம் வேண்டாம். அந்தக் குளுக்கோஸ்களைக் கோத்திருக்கும் முடிச்சை அவிழ்க்கும் நொதி மனிதக் குடலில் கிடையாது. பசு வயிற்றில் வாழும் நுண்ணுயிர்களுக்கு அது உண்டு, நமக்கு இல்லை. சரம் அவிழாமலே வெளியேறிவிடும். ரத்தச் சர்க்கரையில் ஒரு புள்ளிகூட ஏறாது.

வெறும் செல்லுலோஸ் நீரில் கரையாது. சரங்கள் ஒன்றோடொன்று இறுக ஒட்டிக்கொண்டு தண்ணீருக்கு இடம் விடுவதில்லை. அதனால்தான் பருத்தி வேட்டியைத் துவைக்க முடிகிறது. வேதியியலார் அந்தச் சரத்தில் அங்கங்கே சிறு கிளைகளை ஒட்டவைக்கிறார்கள். இறுக்கம் தளர்கிறது, தண்ணீர் நுழைகிறது, சரம் ஊதுகிறது. சரத்தின் நீளத்தைக் கூட்டினால் கூழ் கெட்டியாகும். நூறு பங்கில் இரண்டு பங்கு மட்டும் கரைத்தாலே தண்ணீரைப் போல 4,000 மடங்கு பிசுபிசுக்கும் ரகம் ஒன்று. 1,00,000 மடங்கு பிசுபிசுக்கும் ரகம் இன்னொன்று. மருந்து எத்தனை மணி நேரம் நீள வேண்டும் என்பதை ரகத்தையும் அளவையும் பார்த்து முடிவு செய்கிறார்கள். மெட்ஃபார்மின் போலத் தாராளமாகக் கரையும் மருந்தைக் கட்டிப்போட நிறையப் பாலிமர் வேண்டும். மாத்திரை அத்தனை பெரிதாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

வயிற்றில் நடப்பது இது. முதலில் மேற்பரப்பு நனைந்து கூழாகிறது. அந்தக் கூழே சுவராகி, உள்ளே தண்ணீர் பாய்வதைத் தடுக்கிறது. நனைந்த பகுதியில் கரைந்த மருந்து கூழின் இண்டு இடுக்குகளில் தட்டுத் தடுமாறி வெளியே வருகிறது. வெளிப்புறக் கூழ் மெல்லக் கரைந்து உதிர, அடுத்த அடுக்கு நனைகிறது. வாயில் ஒதுக்கிய கமர்கட்டு அரை மணி நேரம் இனிப்பதும் இதே வித்தைதான். அதே அளவு வெல்லத்தூளை வாயில் போட்டால் அரை நிமிடம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நேரம் போகப் போக, உள்ளே இருக்கும் மருந்து வெளியே வர நடக்க வேண்டிய தூரம் கூடுகிறது. வேகம் தளர்கிறது. 1961-ல் தக்கேரு ஹிகுச்சி என்ற அமெரிக்க மருந்தியல் அறிஞர் இதற்கு ஒரு சூத்திரம் எழுதினார். வெளிவந்த மருந்தின் அளவு, நேரத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும். முதல் ஒரு மணி நேரத்தில் ஒரு பங்கு வந்தால், இரண்டு பங்கு வர நான்கு மணி நேரம், மூன்று பங்கு வர ஒன்பது மணி நேரம். ஒரே சீராக வரும் மருந்து வேண்டுமென்றால் வேறு வழி தேட வேண்டும் என்பதும் அந்தச் சூத்திரத்திலேயே தெரிந்துவிட்டது.

ஒரு நாள் முழுக்க வேலை செய்து முடித்த கூழ், சில சமயம் மாத்திரையின் உருவம் மாறாமல் மலத்தில் வெளியே வரும். பார்த்தவர் பதறுவார். மருந்து சேரவே இல்லை என்று இன்னொன்றை விழுங்கத் தோன்றும். தேவையில்லை. மருந்து போய்விட்டது, வந்திருப்பது வெறும் கூடு.

அரக்குப் பூட்டு

எல்லாப் பாலிமரும் நேரம் பார்த்து வேலை செய்வதில்லை. சில இடம் பார்க்கின்றன. வெறும் வயிற்றின் அமிலத்துக்குக் கார அமில அளவு ஒன்று, இரண்டு. சிறுகுடலுக்குள் நுழைந்தால் ஆறுக்குப் பக்கம். அதன் கடைக்கோடியில் ஏழைத் தாண்டிவிடும். அமிலத்தில் மூடியிருந்து, அமிலம் குறைந்த இடத்தில் திறக்கும் பூச்சு இருந்தால் மருந்தை வயிற்றுக்குத் தெரியாமல் குடலுக்குக் கடத்திவிடலாம்.

இந்த ஆசை பழையது. 1884-ல் ஹாம்பர்க் நகரத் தோல் மருத்துவர் பால் ஊனா, கெரட்டின் பூசிய மாத்திரைகளைச் செய்து பார்த்தார். கெரட்டின் என்பது நம் நகத்திலும் முடியிலும் உள்ள பொருள். அதன் பிறகு மருந்துக்காரர்கள் கைவைத்தது நமக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றில்: அரக்கு. புரசு, இலந்தை மரக்கிளைகளில் மொய்க்கும் சிறு பூச்சி கசியும் பிசின். பாண்டவர்களுக்குத் துரியோதனன் கட்டிக் கொடுத்த மாளிகையும், அஞ்சல் அலுவலகத்து முத்திரையும் அதில்தான். ஜார்க்கண்டில் இன்றும் விளைகிறது. அதற்காகவே 1924-ல் ராஞ்சியை அடுத்த நாம்கும்மில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அரக்கு அமிலத்தில் கரையாது, ஏழை ஒட்டிய அளவில் கரையும். குறை ஒன்றுதான்: இயற்கைப் பொருள், ஒரு மூட்டைபோல் மறு மூட்டை இராது. வைக்க வைக்க இறுகி, திறக்க வேண்டிய இடத்திலும் திறக்காமல் போகும்.

அந்தக் குறையை நீக்க வந்தவை செயற்கைப் பாலிமர்கள். 1950-களில் ஜெர்மனியில் பிறந்த மெத்தாக்ரிலிக் அமிலப் பாலிமர் குடும்பம் அவற்றில் பேர்போனது. அதன் சரத்தில் அமிலக் கிளைகள் தொங்குகின்றன. வயிற்று அமிலத்தில் அவற்றுக்கு மின்னூட்டம் இல்லை. சரங்கள் சுருண்டு, நெருங்கி, படலமாக மூடியிருக்கும். குடலில் அந்தக் கிளைகள் மின்னூட்டம் பெற்று ஒன்றையொன்று தள்ளுகின்றன. படலம் பிரிந்து கரைகிறது. ஒரு ரகம் 5.5-ல் திறக்கும், இன்னொன்று 6-ல், மற்றொன்று 7-ல். எந்த வாசலில் இறக்க வேண்டுமோ அதற்கேற்ற பூட்டு.

ஒமெப்ரசோலை எடுத்துக்கொள்வோம். நெஞ்செரிச்சலுக்கு அமிலச் சுரப்பைக் குறைக்கும் மருந்து. ஆனால் அமிலம் பட்டால் அதுவே சிதைந்துவிடும். எதிரியின் கோட்டைக்கு எதிரி கண்ணில் படாமல் போக வேண்டிய தூதன் அது. பூட்டு இல்லாமல் அனுப்பினால் வாசலிலேயே முடிந்துவிடும்.

இன்னொரு வகை பூட்டும் இல்லை, கூழும் இல்லை, ஒரு பம்பு. நீர் மட்டும் உள்ளே போகக்கூடிய செல்லுலோஸ் அசிட்டேட் ஓடு. அதில் லேசரால் போட்ட ஒரே ஒரு நுண்துளை. குடல் நீர் ஓட்டின் வழியே ஊறி உள்ளே வர, உள்ளே அழுத்தம் கூடி, மருந்து துளை வழியே சீராகப் பிதுங்கும். ஹிகுச்சி சொன்ன தளர்ச்சி இதில் பெரும்பாலும் இல்லை. 1970-களில் கலிபோர்னியாவின் அல்சா நிறுவனம் உருவாக்கிய இந்த நுட்பத்தில், 1989-ல் ரத்தக்கொதிப்பு மருந்தான நிஃபெடிபின் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. அதன் வெற்று ஓடும் மலத்தில் வரும். அதற்கும் பதற வேண்டாம்.

உடைந்தால்

நெடில் மாத்திரைக்குள் ஒரு நாள் முழுவதற்குமான மருந்து இருக்கிறது. குறிலைவிட அளவு கூடுதல். அதைக் கல்வத்தில் இடித்தால் ஒரு நாள் மருந்து ஒரு மணி நேரத்தில் இறங்கும். விழுங்க முடியாத முதியவருக்கும், மூக்குக் குழாய் வழியே உணவு ஏறும் நோயாளிக்கும் வீட்டில் மாத்திரையை இடித்துக் கரைப்பது வழக்கம். மெட்ஃபார்மின் என்றால் வயிற்றைப் புரட்டும். ரத்தக்கொதிப்பு மருந்து என்றால் அழுத்தம் சரிந்து ஆளைச் சாய்க்கலாம். வலுவான வலி மருந்து என்றால் மூச்சே நிற்கலாம்.

கத்தியும் கல்வமும்தான் உடைக்கும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் பல்லடோன் என்ற நெடில் வலி மருந்து, விற்பனைக்கு வந்த ஆண்டிலேயே, 2005 ஜூலையில், நிறுத்தப்பட்டது. காரணம் மது. மருந்தைப் பிடித்து வைத்திருந்த பாலிமர் சாராயத்தில் கரைந்தது. கடும் மதுவோடு விழுங்கியவர்களின் ரத்தத்தில் மருந்தின் உச்சம், தண்ணீரோடு விழுங்கியபோது இருந்ததைப் போலச் சராசரியாக ஆறு மடங்கு.

இரண்டாக நறுக்குவது இடிப்பது போல அவ்வளவு மோசமில்லை. பெரியம்மாவின் அரை மாத்திரையும் கூழ் கட்டத்தானே செய்தது? ஆனால் புதிதாக ஒரு வெட்டுப்பரப்பு திறந்துவிட்டது. மருந்து வெளிவரும் வாசல் அகன்றுவிட்டது, நடக்கும் தூரம் குறைந்துவிட்டது. நெடில், குறிலுக்கும் நெடிலுக்கும் இடையில் எங்கோ தட்டுக்கெட்டு நிற்கும். பூட்டுப் பூசிய மாத்திரை என்றால் இந்தச் சலுகையும் இல்லை. ஒரு வெட்டு விழுந்தாலே பூட்டு போயிற்று.

விதிவிலக்கும் உண்டு. இதய மருந்தான மெட்டோப்ரலால் சக்சினேட்டின் நெடில் மாத்திரைகள் சிலவற்றில் நடுவே கோடு இருக்கும். அந்தக் கோட்டில் உடைக்கலாம், இடிக்கக் கூடாது. அதன் உள்ளே நூற்றுக்கணக்கான நுண்மணிகள்; ஒவ்வொரு மணிக்கும் தனித்தனிப் பாலிமர்ப் போர்வை. மாத்திரை இரண்டானாலும் மணிகள் முழுசு. இப்படிப்பட்ட மணிகளை உருட்டுவதும் அவற்றின் மேல் படலம் பூசுவதும் தனிக் கலை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக மருந்தியல் துறையில் பால் ஹெங் குழுவினர் பல்லாண்டாக ஆய்ந்த துறை அது. கடற்பாசியிலிருந்து வரும் ஆல்ஜினேட் பாலிமரும் அவர்கள் ஆய்வுப் பொருள்களில் ஒன்று. ராமநாதபுரம் மண்டபக் கரையில் பாசி எடுப்பவர்கள் அலைக்குள் இறங்கிச் சேகரிக்கும் பழுப்புப் பாசியிலிருந்து கிடைப்பதும் அதே ஆல்ஜினேட்தான்.

ஆளுக்கொரு அச்சு

அதே பல்கலைக்கழகத்தின் வேதிப் பொறியியல் துறையில் சோ சியோ லிங், சுன் யாஜுவான் இருவரும் 2015-ல் வேறொரு கேள்வியை எடுத்தார்கள். ஒருவருக்குக் காலையில் கூடுதலாகவும் மாலையில் குறைவாகவும் மருந்து வேண்டும். இன்னொருவருக்கு விட்டு விட்டு வேண்டும். ஆலையில் லட்சக்கணக்கில் அச்சாகும் மாத்திரை இதைச் செய்யுமா?

அவர்கள் கண்ட விடை உருவத்தில் இருந்தது. முப்பரிமாண அச்சுப்பொறியால் ஒரு வார்ப்பச்சு. அதில் மருந்து கலந்த பாலிமரைக் குறிப்பிட்ட வடிவில் வார்க்கிறார்கள். சுற்றிலும் மருந்தில்லாத பாலிமர். அதற்கும் வெளியே நீர் புகாத உறை. ஒரு முகம் மட்டும் திறப்பு. கரைசல் அந்த ஒரு முகத்திலிருந்து அடுக்கடுக்காகப் பாலிமரைத் தின்றுகொண்டே உள்ளே போகும். மருந்துப் பகுதி அகலமாக உள்ள அடுக்கு வரும்போது நிறைய வெளிவரும், ஒடுங்கிய இடத்தில் கொஞ்சம். ஐந்து பல் கொண்ட சீப்பு போல வார்த்தால் ஐந்து தவணையாக வரும். எந்த நேரத்தில் எவ்வளவு என்று மருத்துவர் ஒரு கோடு வரைந்தால், அந்தக் கோட்டின் வடிவமே மாத்திரைக்குள் மருந்தின் வடிவம். தக்கேரு ஹிகுச்சியின் வர்க்கமூலத்துக்கு இது வடிவியலால் சொன்ன மறுமொழி.

அது மருந்தகத்துக்கு வரும் நாள் வரட்டும். இன்று நம் கையில் இருப்பவை பெட்டியில் அச்சான அந்த இரண்டு எழுத்துகள். அவற்றைப் பார்த்தால் கத்தியைக் கீழே வையுங்கள். மாத்திரை பெரிதாக இருக்கிறது, இறங்கவில்லை என்றால் மருந்தாளரிடம் அதை அப்படியே சொல்லுங்கள். சிறிய குறில் மாத்திரையாகவோ, திரவமாகவோ மாற்றித் தர வழி இருக்கும். வேளைக் கணக்கை மட்டும் அவர்கள் திருத்தி எழுதுவார்கள். பெரியம்மாவுக்கும் அப்படித்தான் மாற்றினார்கள். இப்போது நாளுக்கு இரண்டு வேளை, சின்ன மாத்திரை, கத்தி காய்க்கு மட்டும்.